இன்னும் இரண்டு குரல்

முதல் குரல் வந்துவிட்டது. தகரம் அடித்த கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து, "மேடம்" என்று ஒரே ஒரு தடவை, முன்னெழுத்தைக் கொஞ்சம் இழுத்து, பின்னெழுத்தை விழுங்கி. கட்டிலில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்த தெய்வானை சாவிக்கொத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். மணி ஒன்று பத்து. சரி, ஒன்று ஆயிற்று. இன்னும் இரண்டு குரல் வர வேண்டும். வந்துவிடும், வந்துவிடும், இதோ மூச்சு இழுத்துக்கொண்டிருப்பாள், பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றிக்கொண்டிருப்பாள், அடுத்த மேடம் வரும், அதற்கடுத்த மேடம் வரும், மூன்றாவது மேடத்துக்குத் தெய்வானை எழுந்து முப்பத்தோரு அடி நடந்து போய்ப் பூட்டைத் திறப்பாள், ஏண்டி இவ்வளவு நேரம் என்று திட்டுவாள், மூடி வைத்திருக்கும் ரசத்தைச் சுட வைக்கச் சொல்வாள். நெஞ்சு தடதடவென்று அடித்தது. பயம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பயம் உண்டுதான், ஆனால் பயத்துக்கு மேலே வேறொன்று. பரீட்சை மணி அடித்து, கேள்வித்தாள் கைக்கு வருவதற்குள் வருமே, ரயில் வருவதற்கு முன் பிளாட்பாரம் உள்ளங்காலில் நடுங்குமே, அது. ஐம்பத்து நாலு வயதில் இப்படி அடிக்கலாமா இந்த நெஞ்சு? வெளியே நிற்பது ஜெபசீலியாகத்தான் இருக்க வேண்டும். மார்த்தாண்டத்துப் பெண், ஆஸ்பத்திரி லேபில் இரண்டாம் ஷிஃப்ட், பத்து மணிக்குப் போன் செய்து, "மேடம், இன்னிக்கு லேட்டாவும், அவசர கேசு ஒண்ணு வந்திட்டு, வண்டியில கொண்டு விடுவாங்க" என்று சொன்னவள். அதற்குப் பிறகு அவள் போன் அணைந்து கிடக்கிறது. மங்கை இல்லத்தின் இருபத்து நாலு பெண்களில் இருபத்து மூன்று பேர் உள்ளே தூங்குகிறார்கள், ஒருத்தி வெளியே. நடுவில் வார்டன், சாவியோடு.

தரையில் பாய் போட்டுப் படுத்திருந்த பாப்பாத்தியக்காவின் குறட்டை பாதியில் நின்றது. விடுதிச் சமையல் அவள்தான். பத்து வருடமாக இந்த அறையிலேயே படுக்கை. "ஏனுங் மேடம், இன்னும் தூங்குலீங்களா?" "கூப்பிட்டது கேட்டுச்சா?" "கேட்டுச்சுங். அந்தப் புள்ளைதானுங்களே?" "அவள் மாதிரிதான் இருந்தது." "அப்பொறமென்னுங், போய்த் தொறக்க வேண்டியதுதானுங்களே?" "மூணு தடவை கூப்பிடட்டும்." பாப்பாத்தியக்கா இருட்டிலேயே கொட்டாவி விட்டாள். "அதுஞ் செரிதானுங். சட்டம் போட்டா எல்லாருக்கும் சட்டந்தான். இன்னும் ரெண்டு பாக்கி இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். ரெண்டு பாக்கி. பாக்கியை வாங்கிக்கொண்டுதான் கதவைத் திறப்போம் என்று சொல்கிற மாதிரி. தெய்வானைக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பு தொண்டைக்கு வருவதற்குள் இன்னொரு தடதட. ஏன் இன்னும் இரண்டாவது வரவில்லை? சுவர்க் கடிகாரம் எப்போதும் இவ்வளவு சத்தமாகவா நடக்கும்? கொலுசு போட்டுக்கொண்டு நடப்பதுபோல நடக்கிறது. ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவில் எவ்வளவு நேரம் விடலாம் என்று சட்டத்தில் எழுதவில்லையே, எழுதியிருக்க வேண்டும், பத்து விநாடி என்றோ, இருபது என்றோ.

சட்டம் வந்தது மூன்று வாரத்துக்கு முன்னால். சௌம்யாவின் கழுத்தோடு சேர்ந்து வந்தது. இதே போல ஒரு ராத்திரி, பன்னிரண்டரை மணி, பின்பக்கக் கேட்டருகில் ஓர் ஆண்குரல்: "சௌம்யா, சௌம்யாங்கிறது இங்கதானே? உங்கண்ணன் வண்டில இருந்து விழுந்துட்டான், சீக்கிரம் வாம்மா." பேர் தெரிகிறது, அண்ணன் இருப்பது தெரிகிறது, வண்டி வைத்திருப்பது தெரிகிறது. அந்தக் குழந்தை செருப்புக்கூடப் போடாமல் ஓடிக் கதவைத் திறந்திருக்கிறாள். சங்கிலி போனது போக, கழுத்தில் எட்டுத் தையல். அண்ணன் அந்த நேரத்தில் ஊரில் சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தான். மறுநாள் தெய்வானை ஆளைக் கூப்பிட்டு இரண்டு கேட்டுக்கும் உச்சி முதல் அடி வரை தகரம் அடித்தாள். சுவர் மேல் கண்ணாடிச் சில்லு பதித்தாள். உள்ளே இருப்பது வெளியே தெரியக்கூடாது. வெளியே இருப்பது உள்ளே தெரியாமல் போகும் என்று அப்போது ஏன் தோன்றவில்லை? காமிரா ஒன்று மாட்டியிருக்கிறது, அதன் கண்ணுக்கு முன்னால் ஒரு சிலந்தி குடிவந்து வீடு கட்டிவிட்டது, ராத்திரியானால் இந்த அறையிலுள்ள டிவிப் பெட்டியில் வெள்ளை வெள்ளையாய் நூல்தான் தெரியும், நடுவில் சிலந்தி, தறியில் உட்கார்ந்த மாதிரி. இப்போதும் எட்டிப் பார்த்தாள். நூல், சிலந்தி. பெயிண்ட் அடிக்கிறவன் வரும்போது துடைக்கச் சொல்லலாம் என்று விட்டது. நாம் காவல் வைக்கிறதெல்லாம் இப்படித்தான், வைத்த அன்றோடு நாம் தூங்கிவிடுகிறோம். அப்படியானால் அவள் குரல்? அவள் குரல்தானா? ஆண் குரலில் அண்ணன் விழுந்துவிட்டான் என்று சொல்லத் தெரிந்தவனுக்கு, ஒரு பெண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டு அவளையே கூப்பிட வைக்கத் தெரியாதா? அதற்குத்தான் மூன்று. பிடிபட்டவளால் மூன்று தடவை ஒரே சீராகக் கூப்பிட முடியாது, இரண்டாவதிலோ மூன்றாவதிலோ குரல் உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். அப்படித்தான் பெண்களிடம் சொன்னாள். சொன்னபோது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் உண்மையில் அந்தச் சட்டம் அங்கிருந்து வரவில்லை என்று அவளுக்குத் தெரியும்.

அது அம்மாவின் சட்டம். பஞ்சாலைக் குடியிருப்பில், ஒரே கூரைக்குக் கீழே பதினாறு வீடுகள் வரிசையாய் நின்ற லைனில், ராத்திரி யார் கூப்பிட்டாலும் மூன்றாவது தடவைக்குத்தான் ஏன் என்று கேட்க வேண்டும். பேய் ஒரு தடவைதான் கூப்பிடும், மீறிப் போனால் இரண்டு, மூன்றாவது கூப்பிட அதற்கு வரம் கிடையாது. இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து பன்னிரண்டு மணிச் சங்குக்குப் பிறகு வரும் அப்பாகூட மூன்று தடவை கூப்பிட வேண்டும். அவர் கெட்டிக்காரர், குழாயடி திரும்பும்போதே தெய்வானை தெய்வானை தெய்வானை என்று மூன்றையும் ஒரே மூச்சில் கூப்பிட்டுக்கொண்டு வருவார், வாசலுக்கு வரும்போது கதவு திறந்திருக்கும், தலையெல்லாம் பஞ்சு, திருநீறு பூசிய பேய் மாதிரி நின்று சிரிப்பார். அது நல்ல நினைவு. அதிலேயே நின்றுவிடலாம். ஆனால் அந்த லைனில் வேறொரு ராத்திரியும் உண்டு, அதற்குத் தகரம் அடித்துத்தான் வைத்திருக்கிறாள், இன்றைக்கு ஒரு குரல் வந்து தகரத்தைத் தட்டிவிட்டது. பதினோரு வயது. அம்மாவுக்கும் தம்பிக்கும் நடுவில் படுக்கை. அப்பாவுக்கு அந்த வாரம் மூன்றாம் ஷிஃப்ட். "தெய்வானம்மா" என்று வெளியே ஒரு பெண்குரல். அவள் பேரைச் சொல்லி அவள் அம்மாவைக் கூப்பிடுகிற குரல். "அம்மா, யாரோ கூப்பிடறாங்க." "பேசாமப் படு. மூணாவது கூப்பிடட்டும்." மறுபடியும் "தெய்வானம்மா", இந்தத் தடவை கொஞ்சம் தாழ்ந்து, வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு கூப்பிட்ட மாதிரி. அம்மாவின் கை தெய்வானையின் வாய்மேல் இருந்தது, மஞ்சளும் வெங்காயமும் வாசம் வீசிய கை. மூன்றாவது வரவில்லை. காலையில் எதிர் வீட்டுப் பொன்னுத்தாயைக் காணோம். குடித்துவிட்டு வந்து புருஷன் அடித்தான், வெளியே தள்ளித் தாழ் போட்டான், அதற்குப் பிறகு அவள் எங்கே போனாள் என்று யாருக்கும் தெரியாது. கேரளாவுக்கு ரயில் ஏறிவிட்டாள் என்று சிலர், தண்டவாளம் பக்கம் போனாள் என்று சிலர். தெய்வானை நாற்பத்து மூன்று வருடமாக அவளை ரயில் ஏற்றிக்கொண்டேயிருக்கிறாள், ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்து, பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் அவள் தலைமுடியைப் பறக்கவிட்டு. அம்மா சாகிறவரை அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஒரே ஒரு தடவை, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே, யாரும் கேட்காமலே, "மூணாவது தடவை கூப்பிடலையே அவ" என்றாள். அப்படி இருக்கையில் தெய்வானை ஏன் அதே சட்டத்தைக் கொண்டுவந்து நோட்டீஸ் போர்டில் ஒட்டினாள்? சௌம்யாவின் கழுத்துக் கட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்று பேனாவை எடுத்தாள், கை தானாக எழுதிற்று. பயம் வந்தால் அம்மாவின் வாய்தான் நமக்கு வாய், வேறு வாய் கிடையாது.

இரண்டாவது குரல் இன்னும் வரவில்லை. மணி ஒன்று பன்னிரண்டு. இரண்டு நிமிஷம்தான் ஆயிருக்கிறது, இரண்டு நிமிஷத்துக்குள் நாற்பத்து மூன்று வருடம் போய்விட்டு வந்தாயிற்று. மொத்தம் ஒன்பது சட்டம். அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரையும் உட்கார வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள், ஜெபசீலிதான் பெரிய அட்டையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினாள், அவள் எழுத்து முத்து முத்தாக இருக்கும், ரத்தப் பரிசோதனைக் குழாயில் சின்னச் சின்ன லேபிள் எழுதிப் பழகிய கை. ஒன்று, பத்தரைக்குக் கேட் பூட்டப்படும். இரண்டு, தாமதமானால் போன் செய்ய வேண்டும். மூன்று, பின்பக்கக் கேட் இனி திறக்கப்படாது. நாலு, இரவில் வந்தால் மூன்று முறை கூப்பிட வேண்டும், மூன்றாவதுக்குப் பிறகே ஏன் என்று கேட்க வேண்டும், கதவு திறக்கப்படும். அதைக் கேட்டதும் ஒரே சிரிப்பு, "பேய்க்குத்தான மேடம் இந்த ரூலு" என்று ஒருத்தி, "எங்காளு ஒரு தடவ கூப்பிட்டாலே ஓடிருவேன்" என்று இன்னொருத்தி, இட்லித் தட்டைத் தாளம் தட்டினார்கள். ஐந்து, ஆட்டோ நம்பரை அனுப்ப வேண்டும். ஆறு, காதில் பாட்டு மாட்டிக்கொண்டு நடக்கக்கூடாது. ஏழு, யாராவது பின்னால் வருவதுபோலத் தெரிந்தால் விடுதி வாசலில் நிற்கக்கூடாது, நாம் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியக்கூடாது, தாண்டிப் போய் வெளிச்சம் உள்ள இடத்தில் நிற்க வேண்டும். எட்டு, ஒன்பது. எல்லாம் முடிந்த பிறகு ஜெபசீலி பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே ஏதோ கேட்டாள். என்ன கேட்டாள்? அட்டையைப் பார்த்துக்கொண்டே, புருவத்தைச் சுருக்கி, "மேடம்" என்று ஆரம்பித்து, அதற்குள் பாப்பாத்தியக்கா குக்கரைத் திறந்தாளோ, யாரோ அப்பளத்துக்குச் சண்டை போட்டார்களோ, எல்லோரும் சிரித்தார்கள், தெய்வானையும் சிரித்து, "எல்லாத்துக்கும் ஒரு சந்தேகம் இந்தப் பொண்ணுக்கு" என்றாள், அது நினைவிருக்கிறது, தான் சொன்னது நன்றாக நினைவிருக்கிறது, அவள் கேட்டதுதான் இல்லை. நாம் பேசினது மட்டும் நமக்கு எப்படிக் கல்வெட்டாகிவிடுகிறது. என்னவோ கேட்டாள். சின்னக் கேள்வி. விரலில் நீல மை. மேடம், என்றாள், மேடம்...

நாய் குரைத்தது. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்து நாய், அதன் குரல் தெரியும், கட்டைக் குரல், பஸ் ரோட்டிலிருந்து சந்துக்குள் யாராவது நுழைந்தால் முதலில் குரைப்பது அதுதான். முதல் மேடத்துக்கு முன்னாலேயே அது ஒரு தடவை குரைத்ததே? ஆமாம், குரைத்தது, அதைக் கேட்டுத்தான் உட்கார்ந்தாள். இப்போது மறுபடியும் ஏன் குரைக்கிறது? அப்படியென்றால் ஜெபசீலிக்குப் பின்னால் இன்னொருவர் சந்துக்குள் வந்திருக்கிறார். உடம்பு முழுக்கக் காதாயிற்று. கட்டைக் குரல் நின்றது. சக்கரம் உருள்கிற சத்தம், எஞ்சின் இல்லாமல், சரளைக்கல் மேல் ரப்பர் நெரிகிற சத்தம். கேட்டைத் தாண்டிப் போகிறது. இப்போது அடுத்த நாய், பிள்ளையார் கோயில் பக்கத்தில் படுத்திருக்குமே, கீச்சுக் குரல், அது குரைக்கத் தொடங்கிற்று. குரைப்பு நகர்கிறது. வலது பக்கமிருந்து இடது பக்கமாக, ஒரு நாயின் வாயிலிருந்து இன்னொரு நாயின் வாய்க்கு, தெருவே சொல்லிக்கொண்டு போகிறது, இதோ போகிறார்கள், இதோ போகிறார்கள். முன்னால் போவது யார்? அவள் கேட்டருகில் நிற்கவில்லை. நின்றிருந்தால் கேட்டருகில்தானே குரைப்பு சுற்றும். அவள் ஒரு தடவை கூப்பிட்டாள், கூப்பிட்டவுடன் பின்னால் திரும்பிப் பார்த்திருப்பாள், பார்த்துவிட்டு... மேடம், என்றாள் ஞாயிற்றுக்கிழமை, விரலில் நீல மையோடு, மேடம், நாலும் ஏழும் சேந்து வந்தா என்ன செய்ய?

நாலும் ஏழும் சேர்ந்து வந்தால் என்ன செய்ய! தெய்வானை எழுந்த வேகத்தில் சாவிக்கொத்து கட்டில் காலில் மோதிக் கணீரென்றது. மூன்று தடவை கூப்பிட்டால்தான் கதவு திறக்கும். பின்னால் ஆள் வந்தால் கதவருகில் நிற்கவே கூடாது. நின்று கூப்பிட்டால் ஏழு போச்சு, நிற்காமல் போனால் நாலு போச்சு. இருபத்து நாலு பேரில் ஒருத்திதான் அந்த முடிச்சைப் பார்த்தாள், அவளையே சிரித்து உட்கார வைத்தாயிற்று, இப்போது அவளே அந்த முடிச்சுக்குள் நடந்து போகிறாள், சொன்ன சொல் தட்டாத பெண், முத்து முத்தான எழுத்துக்காரி, நாங்கள் இத்தனை பேர் இருக்கும் இடம் அவனுக்குத் தெரியக்கூடாது என்று தாண்டிப் போய்விட்டாள். "அக்கா, எந்திரிங்க! போனை எடுத்து நூறுக்குப் போடுங்க, விடுதிப் பேரைச் சொல்லுங்க, நாலாவது கிராஸ்னு சொல்லுங்க, பொண்ணு ஒருத்தி தெருவில மாட்டிக்கிட்டான்னு சொல்லுங்க." "நூறுங்களா? நூறுக்கு எத்தன சைபருங்?" "ரெண்டு! நான் வெளியில போனதும் கேட்டை உள்ளாற பூட்டிக்கோங்க. உள்ளே இருக்கிறதும் பிள்ளைங்கதான்." "ஏனுங், நீங்க வெறுங்கையோட போறீங்களா? சித்தெ இருங்க" என்று பாப்பாத்தியக்கா சமையல் கட்டுக்கு ஓடி, சோறு கிண்டுகிற நீள அகப்பையைக் கொண்டுவந்து கையில் திணித்தாள். ஓர் ஆள் உயரத்தில் முக்கால் பங்கு இருக்கும் அகப்பை. முப்பத்தோரு அடியை எண்ணவில்லை, பதினைந்து கூட இருக்காது, காலில் செருப்பு இல்லை, சிமெண்ட் தரை குளிர்ந்து மேலேறி முழங்கால் வரை வந்தது, பத்தொன்பது வருடமாகத் தினமும் கேட்ட பூட்டு இன்றைக்கு வேறு சத்தத்தில் திறந்தது.

ஆ, தெரு! தெய்வானை ஒரு கணம் அப்படியே நின்றுவிட்டாள், நிற்க நேரமில்லை, ஆனாலும் நின்றாள். பத்தொன்பது வருடமாக இந்த நேரத்துத் தெருவை அவள் நின்று பார்த்ததே இல்லை. ராத்திரியைப் பற்றி ஒன்பது சட்டம் எழுதியவளுக்கு ராத்திரியைத் தெரியாது. புங்க மரம் பூவைக் கொட்டி வைத்திருக்கிறது, தெருவே வெள்ளையாகக் கிடக்கிறது, பகலில் குப்பை என்று பெருக்கித் தள்ளுகிற பூ. மேலே இவ்வளவு நட்சத்திரம். காற்று, யாரும் மூச்சுவிட்டு அழுக்காக்காத காற்று. இதையா பூட்டி வைத்தோம், இதற்கா தகரம் அடித்தோம் என்று ஒரு பைத்தியக்காரச் சந்தோஷம் வயிற்றிலிருந்து கிளம்பிற்று, அதே கணத்தில் கண் பார்த்துவிட்டது: இஸ்திரி வண்டிக்குப் பக்கத்தில், எரியாத விளக்குக் கம்பத்துக்குக் கீழே, பைக், இரண்டு பேர். ஒருவன் வண்டிமேல், ஒருவன் இறங்கி நின்று பிள்ளையார் கோயில் பக்கம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டு. அவளைப் பார்த்ததும் இறங்கி நின்றவன் சிகரெட்டைக் கீழே போட்டான். கை நடுங்குகிறதா? நடுங்குகிறது. நடுங்கட்டும், கை நடுங்கினால் அகப்பையும் நடுங்கும், நடுங்குகிற அகப்பை இன்னும் பயங்கரமாகத் தெரியும். "யாருப்பா அது?" தன் குரலா இது? கல்லூரியில் நாடகத்தில் அரசியாக நடித்தபோது இருந்த குரல். "அட்ரஸ் தேடறமுங்கம்மா" என்றான் நின்றவன், மரியாதையாக. "ராத்திரி ஒண்ணேகாலுக்கு என்ன அட்ரஸ்?" "மூணாவது கிராஸுங்." "இது நாலாவது. யாரைப் பார்க்கணும், பேரைச் சொல்லு. நான் கூப்பிட்டுத் தர்றேன்." வண்டிமேல் இருந்தவன், "வாடா, கிழவி லொட லொடங்குது" என்றான். கிழவி! நல்லது. கிழவிக்குக் கூச்சம் கிடையாது, கிழவி தெருவில் நின்று கத்தினால் யாரும் ஏன் என்று கேட்கமாட்டார்கள், ஐம்பத்து நாலு வருடமாகச் சேர்த்து வைத்த குரல் இருக்கிறது, ஒரு நாளும் முழுதாகச் செலவழிக்காத குரல்.

"ஜெபசீலீ!" என்று கூப்பிட்டாள். அது அந்தப் பக்கச் சுவரில் மோதி, தெருக்கோடிப் பஞ்சாலை மதிலில் மோதி, திரும்பி வந்தது. இரண்டு நாயும் சேர்ந்து குரைத்தன. பதில் இல்லை. மாடி வீடு ஒன்றில் விளக்கு எரிந்தது. பதில் ஏன் இல்லை? இருக்கிறாளா, இல்லையா? தாண்டிப் போனவள் எதுவரை போனாள்? கோயிலைத் தாண்டினால் மைதானம், மைதானத்தைத் தாண்டினால் தண்டவாளம். தண்டவாளம் என்ற சொல் வந்ததும் வாய்மேல் அம்மாவின் கை வந்து மூடிற்று, மஞ்சளும் வெங்காயமும் வாசம் வீசும் கை. தெய்வானை தலையை உதறினாள். எடும்மா கையை. "ஜெபசீலீ!" இரண்டாவது. மாடியிலிருந்து ஒரு ஆண்குரல், "யாருங்க அது, என்னாச்சு?" என்றது. "விடுதி வார்டன். எங்க பொண்ணைத் தேடறேன். இவங்க ரெண்டு பேரு அட்ரஸ் தேடறாங்களாம், இறங்கி வந்து காட்டுங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள். அதற்கு மேல் அவர்கள் நிற்கவில்லை. உதைத்த உதையில் பைக் உறுமி, அவளைச் சுற்றி வளைந்து, பஸ் ரோட்டுப் பக்கம் பறந்தது. நம்பரின் கடைசி நாலு இலக்கத்தை அவள் மந்திரம் மாதிரி வாய்க்குள் சொல்லிக்கொண்டாள், மறக்காமல் இருக்க மறுபடியும் சொல்லிக்கொண்டாள். அவர்கள் போய்விட்டார்கள். அவள்? இன்னும் பதில் இல்லை. எப்பேர்ப்பட்ட அமைதி இது. கூப்பிட்டவளாக நின்று பார்த்தால்தான் தெரிகிறது; ஒரு குரலுக்கும் அடுத்த குரலுக்கும் நடுவில் உள்ளே இருப்பவளுக்கு இருப்பது கடிகாரம், வெளியே இருப்பவளுக்கு இருப்பது பள்ளம். பொன்னுத்தாயும் இரண்டு கூப்பிட்டாள். அந்தப் பள்ளத்தில் நின்று மூன்றாவதைக் கூப்பிட எவ்வளவு நம்பிக்கை வேண்டும், அது அவளிடம் தீர்ந்துபோயிருந்தது, அவ்வளவுதான். தெய்வானை அகப்பையைக் கீழே போட்டாள். இரண்டு கையையும் வாயருகில் குவித்தாள். அடிவயிற்றிலிருந்து, யாரையெல்லாம் கூப்பிட முடியுமோ அத்தனை பேரையும் சேர்த்து, மூன்றாவது தடவை கூப்பிட்டாள்.

"என்ன மேடம்" என்றது பிள்ளையார் கோயில்.

கோயிலின் பின்சுவரும் அரச மரமும் சேருகிற இடுக்கிலிருந்து முதலில் ஒரு பை வந்தது, பிறகு ஜெபசீலி வந்தாள், தலையெல்லாம் ஒட்டடை, ஒரு செருப்பு இல்லை. தெய்வானை ஓடினாள். பிடித்தாள். தோளை, கையை, கழுத்தை, எல்லாம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள், அந்தப் பெண்ணின் நெஞ்சும் தன் நெஞ்சைப் போலவே தடதடவென்று அடிப்பது உள்ளங்கைக்குத் தெரிந்தது. "ஆஸ்பத்திரி வண்டி பஸ் ரோட்டுலயே விட்டுட்டுப் போய்ட்டு மேடம். இறங்கினதுமே அவனுவ ரெண்டு பேரும் பின்னாடியே வந்தானுவ. ஒருதரம் கூப்பிட்டேன், திரும்பிப் பாத்தா சந்து முனையில நின்னு பாத்துக்கிட்டு நிக்கானுவ, அதான் நிக்காம நடந்திட்டேன்." "சரிடி, அதுக்குப் பிறகு நான் பேர் சொல்லிக் கூப்பிட்டேனே, ரெண்டு தடவை, தொண்டை கிழிய, அப்பவே ஏன்னு கேட்டிருக்கலாமில்லே? என் உயிரே போச்சு." ஜெபசீலி மூச்சு வாங்கிக்கொண்டே அவளைப் பார்த்தாள், என்ன இப்படிக் கேட்கிறீர்கள் என்பதுபோல. "மூணாவது தடவைக்குத்தான மேடம் ஏன்னு கேக்கணும்? நாந்தான எழுதினேன்." தெய்வானைக்கு வந்தது சிரிப்பா அழுகையா என்று பிரிக்க முடியவில்லை, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டு வந்தன. "பிள்ளையாருக்குப் பின்னால ஒளிஞ்சியா நீ?" "அவரு ஒண்ணும் சொல்லல்ல மேடம். நல்ல இருட்டா இருந்துச்சு." ஜெபசீலியின் ஒற்றைச் செருப்பைத் தேடி எடுத்து, அகப்பையையும் எடுத்துக்கொண்டு, பூமேல் நடந்து திரும்பினார்கள். தூரத்தில் பஸ் ரோட்டில் போலீஸ் வண்டியின் விளக்கு சுழல்வது தெரிந்தது. பாப்பாத்தியக்கா சைபரைச் சரியாகத்தான் போட்டிருக்கிறாள்.

கேட் பூட்டியிருந்தது. தான் பூட்டச் சொன்னதுதான். தெய்வானை அதற்கு முன்னால் நின்று பார்த்தாள். உச்சி முதல் அடி வரை தகரம், ஒரு கண் அளவு இடுக்கு இல்லை, உள்ளே ஓர் ஆள் இருப்பதற்கான ஓர் அடையாளம் இல்லை. இதற்கு முன்னால்தான் இந்தப் பெண் நின்றாள். தொண்டை எரிந்தது. இன்னும் மூன்று தடவை கூப்பிட வேண்டுமே என்று நினைத்துக்கொண்டு, "பாப்பாத்தியக்கா" என்றாள், சத்தமாகக்கூட இல்லை, பேசுகிற குரலில். சொல்லி முடிக்கவில்லை, பூட்டு கழன்றது, கதவு அகலத் திறந்தது. "வந்துட்டீங்களா, வாங்க வாங்க, அடக் கெரகமே, இந்தப் புள்ள தலையப் பாரு, உள்ள போ கண்ணு, ரசத்த அடுப்புல வெச்சுட்டேன்." "அக்கா, நான் ஒரு தடவைதான் கூப்பிட்டேன்." "ஆமாங்." "மூணு தடவை கூப்பிடலையே, எப்படித் திறந்தீங்க?" பாப்பாத்தியக்கா அகப்பையை வாங்கிக்கொண்டு, ஒட்டியிருந்த புங்கம்பூவைத் தட்டிவிட்டாள். "உங்க கொரல் எனக்குத் தெரியாதாக்குங்?"

ஜெபசீலி உள்ளே போனாள். வராந்தாவில் ஒவ்வொரு கதவாகத் திறந்து தூக்கக் கலக்கமாய்ப் பெண்கள் வந்து அவளைச் சூழ்ந்துகொள்கிற சத்தம் கேட்டது. தெய்வானை மட்டும் கேட்டின் விளிம்பைப் பிடித்தபடி நின்றாள். முதல் மேடத்துக்கே தெரியும், அது யார் என்று. மார்த்தாண்டத்து இழுப்பு, இரண்டு வருடமாகத் தினமும் கேட்கிற குரல். அன்றைக்கு லைன் வீட்டில் பதினோரு வயதிலும் தெரியும். எதிர் வீட்டுத் திருகையில் மாவு திரித்துக்கொண்டே பாடுகிற பொன்னுத்தாயின் குரல், முதல் தெய்வானம்மாவுக்கே தெரியும். அம்மாவின் கைக்கும் தெரிந்திருந்தது, அதனால்தான் அது அவ்வளவு இறுக்கமாக மூடிற்று. "உள்ள வாங்க மேடம், பூட்டோணும்" என்றாள் பாப்பாத்தியக்கா. தெருவிலிருந்து காற்று உள்ளே வந்துகொண்டிருந்தது. கூடவே இரண்டொரு பூவும் உருண்டு வந்து முற்றத்துச் சிமெண்டில் நின்றன.

"சித்தெ இருங்கக்கா" என்றாள் தெய்வானை. "ஒரு நிமிஷம் திறந்தே இருக்கட்டும்."